கேட்டில் நிற்பவரும் கையில் இருக்கும் பாஸும்: துறைமுகக் காவல் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் கன்டெய்னர் கப்பல்கள் எப்படி வந்த வேகத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கிளம்புகின்றன என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேறு பக்கம் திரும்பிவிட்டன. இவ்வளவு பெரிய இடத்தை யார் காவல் காக்கிறார்கள், எதிலிருந்து காக்கிறார்கள் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சரி, இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்வோம். காவல் பணியில் இருப்பவர்கள் சிலரும் எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: துறைமுகத்துக்கு ஆபத்து என்றதும் வெடிகுண்டுப் படகுதான் நினைவுக்கு வருகிறது. நிஜத்திலும் அப்படித்தானா? (கல்லூரி மாணவி)

பதில்: நடந்திருக்கிறது. 2000 அக்டோபர் 12-ஆம் தேதி ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் கோல் அருகே ஒரு சின்னப் படகு, பட்டப்பகலில், யாருக்கும் சந்தேகம் வராதபடி வந்து ஒட்டி நின்று வெடித்தது. 17 கடற்படையினர் இறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, 2002 அக்டோபரில், ஏமன் கரைக்கு அப்பால் லிம்பர்க் என்ற எண்ணெய்க் கப்பலை அதே பாணியில் தாக்கினார்கள். 2004 மார்ச்சில் இஸ்ரேலின் அஷ்டோட் துறைமுகத்துக்குள் இரண்டு தற்கொலைப் படையினர் நுழைந்து 10 பேரைக் கொன்றார்கள். அவர்கள் கன்டெய்னருக்குள் ஒளிந்து வந்ததாகத்தான் விசாரணையில் சொன்னார்கள்.

ஆனால் ஒரு துறைமுகக் காவல் தலைவர் ராத்திரி தூக்கம் கெட்டு யோசிப்பது இதையெல்லாம் இல்லை. போதைப்பொருள், சரக்குத் திருட்டு, கள்ளத்தனமாகக் கப்பலேறும் ஆட்கள், போலிப் பாஸ், கம்ப்யூட்டருக்குள் நுழைபவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே வேலை பார்த்துக்கொண்டே வெளியாளுக்குத் தகவல் கொடுப்பவர். இவை தினமும் நடப்பவை. படகு எப்போதாவது வரும், கேட் வழியாக ஆபத்து தினமும் வரும், அதுவும் பெரும்பாலும் சரியான காகிதத்தோடு வரும்.

கேள்வி: எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே! (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: இன்றைய பெரிய கப்பல் ஒன்றில் இருபதடிக் கணக்கில் 24,000 பெட்டிகள் வரை ஏறும். ஒரு பெட்டியை ஒழுங்காகக் காலி செய்து, பார்த்து, மறுபடி அடுக்க ஒரு குழுவுக்குப் பல மணி நேரம் ஆகிவிடும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திறக்க வேண்டாம், ஸ்கேனாவது செய்யலாமே என்று அமெரிக்கா நினைத்தது. தன் நாட்டுக்கு வரும் எல்லாக் கன்டெய்னரையும் புறப்படும் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும், 2012-க்குள் செய்ய வேண்டும் என்று 2007-இல் சட்டமே போட்டார்கள். கெடு வந்தது, தள்ளிவைத்தார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள். ஸ்கேனர் படம் எடுத்தால் போதாது, அந்தப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கருவிகளின் கதை இன்னும் வேடிக்கை. கிரானைட், செராமிக் ஓடு, வாழைப்பழம், பூனைக்கு வைக்கும் மணல் எல்லாவற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, அதற்கெல்லாம் மணி அடித்துவிடும். நாள் முழுக்க ஓட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் மணி அடித்தால், நிஜமான மணி அடிக்கும்போது காவலர் தலையைத் தூக்கிப் பார்ப்பாரா என்பதுதான் கேள்வி.

அதனால் எல்லோரும் செய்வது சலித்தெடுக்கும் வேலைதான். யார் அனுப்பினார், யாருக்குப் போகிறது, இதே ஆள் முன்பு என்ன அனுப்பினார், எடை சரக்கோடு ஒத்துப்போகிறதா, பாதை ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று காகிதத்திலேயே சந்தேகப் பெட்டிகளைப் பிரித்து, அவற்றை மட்டும் ஸ்கேனருக்கும், தேவைப்பட்டால் திறக்கவும் அனுப்புகிறார்கள்.

கேள்வி: நான் லாரி ஓட்டுகிறேன். சீல் உடையாமல் இருந்தால் பெட்டி பத்திரம் என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்புகிறோம். சரிதானே?

பதில்: இல்லை அண்ணே. சீல் உடையாமலே பெட்டியைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். சீல் மாட்டியிருக்கும் கைப்பிடியைக் கதவோடு பிடித்திருப்பது ரிவெட். அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்தால் கைப்பிடி சீலோடு சேர்ந்து தனியாக வந்துவிடும். வேலை முடிந்ததும் ரிவெட் இருந்த இடத்தில் ஒரு போல்ட்டை வைத்து முடுக்கி, மேலே அதே நிறத்தில் பெயின்ட் பூசிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கிட்டப் போய் விரலால் தடவினால் புதுப் பெயின்ட் தட்டுப்படும், நான்கு ரிவெட்டில் ஒன்று மட்டும் தலை வேறு மாதிரி இருக்கும்.

போதைப்பொருள் கும்பல்களுக்கு இன்னொரு வழி பிடிக்கும். அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது, நடுவில் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒரு யார்டில் பெட்டியைத் திறந்து கதவுக்குப் பக்கத்திலேயே பைகளைப் போட்டுவிட்டு, அதே எண் அச்சடித்த போலிச் சீலை மாட்டிவிடுவார்கள். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் வேறொரு கை பைகளை எடுத்துக்கொண்டு மூன்றாவது சீலை மாட்டும்.

ஆகவே பெட்டியை ஏற்றுவதற்கு முன் நான்கு வேலை செய்யுங்கள். சீலையும் கைப்பிடியையும் கீல்களையும் கண்ணால் பாருங்கள். சீலில் இருக்கும் எண்ணைக் கையிலிருக்கும் காகிதத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பலமாக இழுங்கள். அப்புறம் முறுக்குங்கள், ஏனென்றால் சில போலிச் சீல்களில் உள்ளே திருகு வெட்டியிருப்பார்கள், இழுத்தால் வராது, முறுக்கினால் கழன்று வரும். இதற்கு ஒரு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் நீங்கள் திறக்காதீர்கள், போட்டோ எடுத்துக் கேட்டில் சொல்லிவிடுங்கள். திறந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: உள்ளே இருப்பவனே துணை போனால் என்ன செய்ய முடியும்?

பதில்: இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கலாம்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகக் கதையைப் பாருங்கள். அங்கே பெட்டியை எடுக்க வரும் டிரைவரிடம் ஒரு ரகசிய எண் இருக்க வேண்டும். அந்த எண் இருந்தால் பெட்டி கிடைக்கும். 2011 முதல் ஒரு கும்பல், துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் டெர்மினல் நிறுவனங்களின் கம்ப்யூட்டருக்குள் மின்னஞ்சல் வழியாக நுழைந்து இந்த எண்களைத் திருடியது. சரக்கின் சொந்தக்காரர் வருவதற்குள் இவர்களின் டிரைவர் வந்து, எண்ணைச் சொல்லி, பெட்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கண்டுபிடித்துக் கம்ப்யூட்டரைப் பூட்டினார்கள். கும்பல் என்ன செய்தது தெரியுமா? ஆபீசுக்குள்ளேயே ஆளை அனுப்பி, மேஜைக்கு அடியில் பிளக் சொருகும் பலகை மாதிரி ஒன்றை வைத்துவிட்டது. தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் கருவி அதற்குள் இருந்தது. 2013-இல்தான் போலீஸ் இதை வெளியே சொன்னது. கம்ப்யூட்டர்க் குற்றம் என்று இதைச் சொல்கிறார்கள், எனக்கு இது கதவுக் குற்றமாகவும் தெரிகிறது. அந்த ஆபீசுக்குள் யாரோ நடந்து போயிருக்கிறார்கள், யாரும் யார் நீ என்று கேட்கவில்லை.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இன்னொரு ரகம். வந்த பெட்டியிலிருந்து போதைப்பொருளை எடுப்பதற்கென்றே இளைஞர்களை உள்ளே அனுப்புகிறார்கள். சில பேர் காலிக் கன்டெய்னருக்குள் சாப்பாடு, போர்வையோடு நாட்கணக்கில் காத்திருக்கிறார்கள். காரணமில்லாமல் துறைமுகத்துக்குள் இருந்தாலே ஓராண்டு வரை சிறை என்று நெதர்லாந்து 2022 ஜனவரியில் சட்டத்தைக் கடுமையாக்கியதே இதற்காகத்தான். இந்தப் பையன்களுக்குப் பெட்டி எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று யார் சொன்னது? வேலியைத் தாண்டிக் குதித்தவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. உள்ளே ஸ்கிரீன் பார்க்கும் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஒருவர் எப்போதும் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடன்காரராக இருக்கலாம். முதல் தடவை சின்ன உதவிக்குப் பெரிய பணம் கொடுப்பார்கள், இரண்டாவது தடவை மறுத்தால் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லுவார்கள். அதனால் வேலைக்குச் சேரும்போது ஒரு தடவை பின்னணி பார்த்தால் போதாது. யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம் என்பதைக் குறைக்க வேண்டும், யார் எப்போது எந்தப் பெட்டியின் விவரத்தைத் தேடினார் என்று பதிவாக வேண்டும். என்னை மிரட்டுகிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னால் அவரைக் குற்றவாளி மாதிரி உட்காரவைக்காமல் காப்பாற்றும் ஏற்பாடும் வேண்டும். கடைசியாகச் சொன்னது பல இடங்களில் இல்லை.

கேள்வி: நான் ஒரு டெர்மினலில் காவல் மேற்பார்வையாளர். என் கீழ் நாற்பது பேர். ராத்திரி ஷிப்டில் தூங்குகிறார்கள். மெமோ கொடுத்துப் பார்த்துவிட்டேன், சம்பளம் பிடித்துப் பார்த்துவிட்டேன். மாறவில்லை.

பதில்: முதலில் ஷிப்ட் எத்தனை மணி நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்றால், அதுவும் மாற்றாள் வராமல் சில நாள் பதினாறாக நீளும் என்றால், நீங்கள் எத்தனை மெமோ கொடுத்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பு தன் வேலையைக் காட்டிவிடும்.

ரோந்துப் பதிவேட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 1.00, 2.00, 3.00, 4.00 என்று முழு மணியாக, ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 'எல்லாம் சரி' என்று வரிசையாக இருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் எழுதியது. நடந்துபோய்ப் பார்த்தவர் எழுதினால் 1.07 இருக்கும், 2.19 இருக்கும், ஏழாவது விளக்குக் கம்பத்தில் பல்பு எரியவில்லை, வேலிக்கு வெளியே ஒரு வேன் நின்றது, கேட்டதும் போய்விட்டது என்று இருக்கும். அப்படி எழுதியவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அந்தப் பல்பை மறுநாளே மாற்றுங்கள். சொன்னால் நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்தவரும் எழுதுவார். மூன்று வாரமாக அதே பல்பு எரியவில்லை என்றால் எதற்கு எழுத வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் இடமாற்றம். கேமரா அறையில் ஒரே ஆளைப் பதினாறு திரைக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்காரவைத்தால், அரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் பார்ப்பதில்லை, கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை கேமரா, கேட், ரோந்து என்று மாற்றிவிடுங்கள். யார் எந்த நேரத்தில் எந்தக் கேட்டில் இருப்பார் என்பது ஷிப்ட் தொடங்கும்போதுதான் தெரிய வேண்டும், அதற்கு முன் காவலருக்கே தெரியக் கூடாது. அது தூக்கத்துக்கும் மருந்து, லஞ்சத்துக்கும் மருந்து, ஏனென்றால் எந்தக் கேட்டில் நம்ம ஆள் இருப்பார் என்று தெரியாத கும்பல் பணம் கொடுக்கத் தயங்கும்.

ஷிப்ட் கைமாறும்போது பதினைந்து நிமிடமாவது இருவரும் சேர்ந்து இருக்கட்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைக் கைமாற்றம் என்று சொல்லக் கூடாது. திறந்திருக்கும் கதவு எது, பூட்டு சரியில்லாதது எது, எந்தக் கப்பலுக்கு எத்தனை வெளியாட்கள் போயிருக்கிறார்கள், இன்னும் திரும்பாதவர் யார் என்று நடந்துகொண்டே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள்: ஒற்றை ஆள் நிற்கும் கேட்டில் அவர் பாத்ரூம் போனால் யார் நிற்பது? இதற்குப் பதில் இல்லாத திட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் ஓட்டைத் திட்டம்தான். உங்கள் நாற்பது பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள் என்றால், வருடத்துக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் மாறிக்கொண்டே இருந்தால் யார் புதுமுகம், யார் பழைய முகம் என்று யாருக்கும் தெரியாது, கேட்டின் மிகப் பெரிய பலமே முகம் தெரிவதுதான். இதை மேலே எழுதிக் கேளுங்கள், தூக்கத்தைப் பற்றி எழுதுவதைவிட அது பலன் தரும்.

கேள்வி: சுங்கத்துறை, போலீஸ், கடலோரக் காவல்படை, குடியேற்றத் துறை, தனியார் காவலர்கள்… ஏதாவது நடந்தால் யார் தலைமை?

பதில்: பல துறைமுகங்களில் இதற்கு ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும்.

சட்டப்படி ஒரு சட்டகம் இருக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2002 டிசம்பரில் ஐ.எஸ்.பி.எஸ். கோட் என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. 2004 ஜூலை 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு துறைமுக வளாகத்துக்கும் பொறுப்பான ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும், ஆபத்து மதிப்பீடும் அதையொட்டிய திட்டமும் இருக்க வேண்டும். எச்சரிக்கைக்கு மூன்று நிலை. முதல் நிலை வழக்கமானது, இரண்டாவது ஆபத்து கூடியிருப்பது, மூன்றாவது தாக்குதல் நடக்கப்போகிறது என்ற நிலை. எந்த நிலை என்பதை அரசுதான் அறிவிக்கும்.

ஆனால் கோட் யாரையும் யாரோடும் பேசவைக்காது. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது கிடங்கில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிக்கக்கூடிய ரசாயனம், 2,750 டன் அளவுக்கு அங்கே வைத்திருந்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொண்டுவந்த கப்பல் 2013-இலேயே வந்துவிட்டது, சரக்கு 2014 முதல் அதே கிடங்கில்தான் இருந்தது. சுங்க அதிகாரிகள் பலமுறை கடிதம் எழுதியிருந்தார்கள். பல அலுவலகங்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்லப்போனால் தெரியாதவர்கள்தான் குறைவு. எடுத்துப்போடும் பொறுப்பு யாருக்கு என்பதுதான் முடிவாகவில்லை. துறைமுகக் காவல் என்றால் வெளியிலிருந்து வருபவனைத் தடுப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், உள்ளே என்ன கிடக்கிறது என்பதும் காவல் விஷயம்தான்.

நடைமுறையில் உதவுவது மூன்று: எல்லாத் துறையும் கேட்கும் ஒரு ரேடியோ அலைவரிசை, எல்லாத் துறை ஆளும் உட்காரும் ஒரு அறை, எந்த மாதிரிச் சம்பவத்துக்கு யார் தலைமை என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரே ஒரு பக்கம். கடல் பக்கத்துக்கும் தரைப் பக்கத்துக்கும் நடுவில், படிக்கட்டும் படகு நிற்கும் ஜெட்டியும் இருக்கும் இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடப்பது வழக்கம். எல்லோரும் கையெழுத்திட்ட அந்தத் தாளில் முதலில் அந்த இடம் யார் பொறுப்பு என்று எழுதுங்கள்.

கேள்வி: எல்லாக் காவலருக்கும் துப்பாக்கி கொடுத்தால்?

பதில்: எண்ணெய்த் தொட்டிக்கும் எரிவாயுக் குழாய்க்கும் நடுவில் நின்று யாரை நோக்கிச் சுடப்போகிறார்? ஆயுதம் பயிற்சி பெற்ற சிறு அணியிடம், எப்போது பயன்படுத்தலாம் என்ற தெளிவான உத்தரவோடு இருந்தால் போதும். மற்றவர்களுக்கு நல்ல டார்ச்சும், கேட்டால் பதில் வரும் ரேடியோவும் கொடுங்கள்.

கேள்வி: நான் கப்பலில் வேலை செய்கிறேன். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டுக் கரைக்கு இறங்கலாம் என்றால் 'பாதுகாப்பு' என்று சொல்லிக் கேட்டில் மறிக்கிறார்கள். நாங்கள் என்ன பயங்கரவாதிகளா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நான் மேலே சொன்ன அதே ஐ.எஸ்.பி.எஸ். கோடில், கப்பல் ஊழியர்கள் கரைக்கு வந்துபோக வசதி செய்யும் நடைமுறை துறைமுகத் திட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் மறிப்பவர்களில் பலர் அதைப் படித்ததில்லை. காவல் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை: கப்பலின் அடியில் யாரோ நீந்திவந்து கடல்நீர் உள்ளே போகும் துவாரத்தில் போதைப்பொருளை ஒளித்துவைத்தால், அதை முதலில் கவனிக்கப் போவது மேல்தளத்தில் காவல் நிற்கும் மாலுமிதான். அவரை எதிரியாக்கி வைத்திருந்தால் அவர் ஏன் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும்?

கேள்வி: ஹேக்கர்கள் துறைமுகத்தையே நிறுத்த முடியுமா?

பதில்: நிறுத்தியிருக்கிறார்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனத்துக்குள் புகுந்து உலகெங்கும் அதன் டெர்மினல்கள் பலவற்றை முடக்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது, நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை இரண்டு நாளுக்கு மேல் நின்றது, பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்தான் காரணம். கம்ப்யூட்டர் விழுந்தால் கேட்டில் லாரி வரிசை சாலை வரைக்கும் நீளும், பாஸ் சரிபார்க்க முடியாது, அந்தக் குழப்பத்தில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஆகவே கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு நாள் கேட்டைக் காகிதத்தில் நடத்தும் ஒத்திகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒத்திகை என்றாலே சைரன் ஊதி, போட்டோ எடுத்து, டீ குடித்துக் கலைகிறோம். இதில் என்ன பயன்? (ஒரு காவலர்)

பதில்: டீ கிடைக்கிறதே! சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐ.எஸ்.பி.எஸ். கோடின் வழிகாட்டுதல்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சிறு ஒத்திகை, வருடத்துக்கு ஒரு தடவை பெரிய பயிற்சி, இரண்டு பெரிய பயிற்சிக்கு நடுவில் 18 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தேதி தெரிந்த ஒத்திகையில் எல்லோரும் ஜெயிப்பார்கள். சொல்லாமல் ஒரு நாள், போன மாதம் காலாவதியான பாஸோடு ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டில் விட்டுவிட்டால் அந்தக் காவலரைத் தண்டிக்கக் கூடாது, ஏன் விட்டார் என்று கேட்க வேண்டும். வெளிச்சம் போதவில்லையா, பின்னால் பத்து லாரி ஹாரன் அடித்ததா, தேதி எழுத்து அவ்வளவு சின்னதா? பெரும்பாலும் அதில்தான் பதில் இருக்கும்.

கேள்வி: பெரிய அதிகாரியின் கார் பாஸ் இல்லாமல் வந்தால் நிறுத்தலாமா? போன தடவை நிறுத்தியவரை வேறு கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். (அதே காவலர்)

பதில்: நிறுத்துங்கள். மரியாதையாக, வணக்கம் சொல்லி, பாஸ் கேட்டு, இல்லையென்றால் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிவிட்டு. மாற்றல் வந்தால் அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கும். உங்கள் மேற்பார்வையாளர் இதைப் படித்தால் அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: அந்தக் காவலரை நீங்கள் மாற்றியதை மற்ற காவலர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கார் வரும்போது கேட் தானாகத் திறக்கும், உள்ளே யார் இருக்கிறார் என்று யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அவரைப் பழைய கேட்டுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள், ஷிப்ட் தொடங்கும்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் கொண்டுவாருங்கள்.